காதல் மனைவிக்காக சிம்மாசனத்தை விட்ட புதுக்கோட்டை ராஜா
ஆஸ்திரேலியா பெண்ணை ஊருக்கு அழைத்து வந்தவருக்கு நேர்ந்த கதி

புதுக்கோட்டை, மே.28-

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன வாலிபர் அந்த நாட்டுப் பெண்ணைக் காதலித்து, சொந்த ஊருக்கு அழைத்து வந்து தாலி கட்டினார் என்ற செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. வெள்ளைக்காரப் பொண்ணு பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, மணமேடையில் உட்காரும் படத்தைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். மாமியார் ஆரத்தி எடுக்கிறார். ஊரே திரண்டு வந்து வாழ்த்துகிறது.

ஆனால் 100 ஆண்டுகளுக்கு முன்பு இதே காரியத்தைச் செய்த ஒருவர் தன் ராஜ்ஜியத்தையே இழந்தார். கட்டிய மனைவிக்கு ராணி என்ற பட்டம்கூட வாங்கித் தர முடியவில்லை. பெற்ற மகனுக்கு தன் நாற்காலியைக் கொடுக்க முடியவில்லை. செத்த பிறகு அவர் உடல்கூட சொந்த மண்ணுக்கு வரவில்லை.

அவர் வேறு யாருமல்ல. புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான்தான். அவர் இறந்த தினம் இன்று (மே 28). அவருடைய வாழ்க்கைக் கதை வருமாறு:-

10 வயதில் ராஜா

மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1875-ம் ஆண்டு நவம்பர் 26-ந்தேதி பிறந்தார். அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் ராமச்சந்திர தொண்டைமான். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் மார்த்தாண்டன்.

ராஜாவுக்கு ஆண் வாரிசு இல்லை. எனவே 1877-ம் ஆண்டு பேரனையே தத்து எடுத்துக் கொண்டார். அந்த தத்தை ஆங்கிலேய அரசாங்கமும் ஏற்றுக் கொண்டது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு நேர்மாறாக ஒன்று நடக்கப் போகிறது.

1886-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தாத்தா காலமானார். 10 வயதுப் பையன் ராஜாவானான். ராஜா சிறுவன் என்பதால் திவான் சேஷையா சாஸ்திரிதான் நிர்வாகத்தைக் கவனித்தார். இன்று புதுக்கோட்டை நகரில் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேர் நேராக இருக்கின்றன. அப்படித் திட்டம் போட்டு ஊரை மாற்றி அமைத்தவர் அவர்தான்.

இளம் ராஜாவுக்கு பாடம் சொல்லிக் கொடுக்க வெள்ளைக்கார ஆசிரியர் நியமிக்கப்பட்டார். இங்கிலீஷ் பேச்சு, இங்கிலீஷ் உடை, குதிரை சவாரி, விருந்து, விளையாட்டு என்று எல்லாமே வெள்ளைக்காரர் பாணியில் சொல்லிக் கொடுக்கப்பட்டது. இந்திய ராஜாக்கள் தங்களைப் போலவே வளர வேண்டும் என்பது வெள்ளைக்காரர்களின் ஆசை.

அந்த ஆசை நன்றாகவே நிறைவேறியது. 1894-ம் ஆண்டு நவம்பர் மாதம், 19 வயது முடிந்ததும் மார்த்தாண்டனுக்கு முழு அதிகாரம் கொடுக்கப்பட்டது. சென்னை கவர்னர் வென்லாக் பிரபு நேரில் வந்து முடிசூட்டு விழாவை நடத்தி வைத்தார்.

அம்மனின் அடிமை

புதுக்கோட்டை ராஜாக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாடு முழுவதும் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அம்மனுக்குச் சொந்தம். ராஜா வெறும் காவல்காரர். அதனால் தொண்டைமான் மன்னர்கள் பிரகதாம்பாள்தாஸ் என்று பெயருக்கு முன்னால் போட்டுக் கொள்வார்கள். அம்மனின் அடிமை என்று அர்த்தம்.

சமஸ்தானத்தில் புழங்கிய அம்மன் காசிலும் ஒரு பக்கம் அம்மன் உருவம்தான் இருக்கும். ராஜாவின் தலை இருக்காது. 20 அம்மன் காசு சேர்ந்தால் ஒரு அணா. நவராத்திரி நாட்களில் ஏழைகளுக்கு அரிசியுடன் இந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பார்கள். புதுக்கோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் பூஜை அறை டப்பாவில் அம்மன் காசை இன்றும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு.

சின்ன சமஸ்தானம்தான். 1901-ம் ஆண்டு கணக்கெடுப்பில் ஜனத்தொகை 3 லட்சத்து 80 ஆயிரம். ஆனாலும் சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரருக்கு இதைவிட நெருக்கமான சமஸ்தானம் கிடையாது. ஐதர் அலியுடன் சண்டை நடந்தபோதும் தொண்டைமான்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். 1799-ம் ஆண்டு வீரபாண்டிய கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டை சீமையில்தான். தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்து வெள்ளைக்காரரிடம் ஒப்படைத்தார்கள். இதற்காக தொண்டைமான்கள் இன்றுவரை பேச்சு வாங்குகிறார்கள்.

ஒரு தலைமுறை இல்லை, இரண்டு தலைமுறை இல்லை. பல தலைமுறையாக செய்த உதவி அது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் என்ன கைமாறு செய்தான் என்பதுதான் இனி வரும் கதை.

நல்லதும் செய்தார்

மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் ஊர் சுற்றுவதில் ஆர்வம் உள்ளவர். ஐரோப்பாவுக்குப் போவார், மாதக்கணக்கில் தங்குவார். ராஜா ஊரில் இருப்பதே அபூர்வம் என்று ஜனங்கள் குறைபட்டுக் கொண்டதும் உண்டு. சமஸ்தானத்து வரிப்பணத்தில்தானே இந்தப் பயணம் எல்லாம் என்ற கேள்வியில் நியாயமும் உண்டு.

அதே நேரம் நல்ல காரியங்களும் அவர் காலத்தில் நடந்தன. 1902-ம் ஆண்டிலேயே மக்கள் பிரதிநிதிகள் சபையை ஏற்படுத்தினார். 1910-ம் ஆண்டு அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. திருக்கோகர்ணத்தில் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பார்க்கும் மியூசியம் அதுதான்.

எல்லாவற்றையும் விட பெரிய காரியம் ஒன்று உண்டு. புதுக்கோட்டையைச் சேர்ந்த ஒரு பெண் மன்னர் கல்லூரியில் சேர்ந்து படிக்க மனுப் போட்டார். ஆண் பிள்ளைகள் மட்டும் படித்த கல்லூரி அது. போதாக்குறைக்கு அந்தப் பெண்ணின் தாய் தேவதாசி குலம். அந்தப் பெண்ணைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பெரிய மனிதர்கள் எதிர்ப்பு தெரிவித்தார்கள்.

ராஜா யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைச் சேர்க்க உத்தரவு போட்டார். படிக்க உதவித்தொகையும் கொடுத்தார்.

அந்தப் பெண்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிற்காலத்தில் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவரும், அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவரும் அவர்தான்.

ஊர் என்ன சொல்லும் என்று பயப்படாமல் அடுத்தவர் வீட்டுப் பெண்ணுக்கு கதவைத் திறந்துவிட்டவர் ராஜா. தன் மனைவி என்று வந்தபோது அவருக்கு யாரும் கதவைத் திறக்கவில்லை.

சிட்னியில் சந்திப்பு

1914-ம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. செப்டம்பர் மாதம் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கே வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. ஐரோப்பா முழுக்க சண்டை. அடுத்த ஆண்டு ராஜா ஆஸ்திரேலியாவில் இருந்தார்.

1915-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிட்னி நகரில் ஆஸ்திரேலியா ஓட்டலில் அவர் தங்கி இருந்தார். அதே ஓட்டலில் மெல்போர்னைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும் தங்கி இருந்தார்கள். மகளின் பெயர் எஸ்மி மேரி சோரெட் பிங்க். வீட்டில் செல்லமாக மோலி என்று அழைப்பார்கள்.

மோலி 1894-ம் ஆண்டு பிறந்தவர். நல்ல உயரம், நல்ல நிறம், மெல்போர்ன் பணக்கார வட்டாரத்தில் பெயர் எடுத்த அழகி. அப்பா வக்கீல். அப்பாவின் சகோதரர் தியடோர் பிங்க் மெல்போர்னில் பெரிய பத்திரிகை நிறுவனத்தின் தலைவர். சாதாரணக் குடும்பம் இல்லை.

பார்த்ததும் ராஜா மனதைப் பறிகொடுத்தார். மோலி போகும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனார். அதுவரை கல்யாணப் பேச்சுக்குப் பிடி கொடுக்காதவர், கல்யாணம் செய்து கொள்ளலாமா என்று கேட்டார். மோலியும் சம்மதம் சொல்லிவிட்டார்.

பதிவுத் திருமணம்

1915-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந்தேதி மெல்போர்னில் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. மேளம் இல்லை, தாளம் இல்லை. கையெழுத்துப் போட்டதோடு சரி. மாப்பிள்ளைக்கு 39 வயது. பொண்ணுக்கு 21 வயது முடிய இன்னும் ஒரு மாதம் பாக்கி.

இந்துவாக இருந்துகொண்டே வேறு மதத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்ய அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் வழி இல்லை. 1872-ம் ஆண்டு சட்டப்படி, எனக்கு இந்த மதம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் அப்படிப்பட்ட கல்யாணம் நடக்கும். பிரகதாம்பாளின் தாசன் என்று பட்டம் போட்டுக் கொண்டவர் அப்படி எழுதிக் கொடுக்க முடியுமா?

ஆஸ்திரேலியா பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. வெள்ளைக்காரர் அல்லாதவர் அந்த நாட்டில் குடியேறவே கூடாது என்று 1901-ம் ஆண்டிலேயே சட்டம் போட்ட நாடு அது. அந்த ஊரில் ஒரு வக்கீல் மகள் இந்திய ராஜாவைக் கட்டிக் கொண்டால் சும்மா இருப்பார்களா? சிலர் அதிசயமாகப் பார்த்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள்.

வைஸ்ராய் கோபம்

செய்தி டெல்லிக்கு எட்டியது. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபுவின் அரசாங்கம் கொதித்தது.

வெள்ளைக்காரப் பெண்ணை மணந்த முதல் இந்திய ராஜா மார்த்தாண்டன் இல்லை. 1893-ம் ஆண்டு பாட்டியாலா மகாராஜா ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். 1908-ம் ஆண்டு கபூர்தலா மகாராஜா ஸ்பெயின் நாட்டு நடன மங்கை அனிதா டெல்காடோவை மணந்தார். இரண்டு கல்யாணத்தையும் ஆங்கிலேய அரசாங்கம் ரசிக்கவில்லை.

அவர்களுடைய கணக்கு வேறு. ஆளும் இனம் என்று தங்களைச் சொல்லிக் கொண்டவர்கள் அவர்கள். தங்கள் இனத்துப் பெண் ஒரு இந்தியருக்கு மனைவியாகப் போனால் மரியாதை என்ன ஆவது என்று நினைத்தார்கள். இன்னொரு பயமும் இருந்தது. வெள்ளைக்காரத் தாய்க்குப் பிறந்த பிள்ளை நாளைக்கு இந்து சமஸ்தானத்தில் சிம்மாசனம் ஏறினால் என்ன செய்வது?

எனவே மோலியை ராணி என்று ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ராணிகளுக்குக் கொடுக்கும் மேன்மை தங்கிய என்ற பட்டம் மோலிக்குக் கிடையாது. அரசாங்க விருந்து, விழாக்களில் ராஜாவுக்குப் பக்கத்தில் ராணியாக உட்காரும் உரிமையும் கிடையாது.

5 மாதம்தான்

ஆனாலும் ராஜா பின்வாங்கவில்லை. கட்டியவளைக் கூட்டிக் கொண்டு தன் வீட்டுக்குப் போவதை யார் தடுப்பது என்று கப்பல் ஏறினார். 1915-ம் ஆண்டு கடைசியில் தம்பதிகள் புதுக்கோட்டை வந்து சேர்ந்தார்கள்.

அப்போது புதுக்கோட்டைக்கு ரெயில் கிடையாது. ரெயில் வந்தது 1929-ம் ஆண்டுதான். திருச்சியில் இறங்கி 50 கிலோ மீட்டருக்கு மேல் சாலை வழியாகத்தான் வர வேண்டும். செம்மண் பூமி, பனைமரம், கண்மாய், கோவில் கோபுரம். மெல்போர்னிலும் சிட்னியிலும் வளர்ந்த பெண்ணுக்கு எல்லாமே புதுசு.

ஊர் அவரை வேடிக்கை பார்த்தது. ராஜா கூட்டி வந்த பெண் என்ற மரியாதையும் இருந்தது. ஆனால் அரண்மனைக்கு உள்ளே நிலைமை வேறு. வேற்று மதம், வேற்று சாப்பாடு, வேற்று பாஷை. அரண்மனைப் பெண்கள் திரைக்குப் பின்னால் வாழ்ந்த காலம் அது. கவுன் போட்டு, ராஜாவோடு சரிசமமாக நடந்து வரும் மருமகளை ஏற்றுக் கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

வாரிசுப் பிரச்சினையும் சேர்ந்து கொண்டது. அதுவரை ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. இனி பிள்ளை பிறந்தால் அடுத்த பட்டம் யாருக்கு என்ற கேள்வி எழும். இந்த நேரத்தில்தான் மோலி கர்ப்பமானார்.

பிறகு நடந்தது பயங்கரம். கர்ப்பிணியாக இருந்த மோலிக்கு அரளி விஷம் கொடுக்கப்பட்டதாக இவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதி இருக்கிறார்கள். புதுக்கோட்டை பக்கம் அரளிச் செடி எந்த வேலி ஓரத்திலும் கிடைக்கும். அதன் விஷம் நேராக இதயத்தைப் பிடிக்கும். நல்லவேளையாக மோலி உயிர் பிழைத்தார். வயிற்றில் இருந்த பிள்ளையும் தப்பியது.

வெளியே வெள்ளைக்கார அரசாங்கம் மனைவியை மதிக்கவில்லை. உள்ளே உயிருக்கே உத்தரவாதம் இல்லை. இனி இங்கே இருந்தால் மனைவியும் மிஞ்ச மாட்டாள், பிள்ளையும் மிஞ்சாது என்ற நிலை.

ராஜா முடிவு எடுத்தார். 1916-ம் ஆண்டு மனைவியைக் கூட்டிக் கொண்டு மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். மோலி புதுக்கோட்டையில் வாழ்ந்தது மொத்தம் 5 மாதம்தான்.

சிட்னி தொண்டைமான்

1916-ம் ஆண்டு ஜூலை 22-ந்தேதி சிட்னியில் ஆண் குழந்தை பிறந்தது. தன் பெயரையும், பிள்ளை பிறந்த ஊரின் பெயரையும் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார் ராஜா.

ஆனால் பிள்ளையை வாரிசாக ஏற்க ஆங்கிலேய அரசாங்கம் மறுத்துவிட்டது.

இங்கேதான் பழைய கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். மார்த்தாண்டன் மகள் வயிற்றுப் பேரன். தத்து எடுத்ததால் ராஜாவானவர். அதற்கு வெள்ளைக்காரர்கள் சம்மதித்தார்கள். ஆனால் அவருக்கே சட்டப்படி மணந்த மனைவி மூலம் பிறந்த மகனுக்கு மட்டும் உரிமை இல்லை என்றார்கள். தத்துப்பிள்ளை ராஜாவாகலாம், பெற்ற பிள்ளை ஆகக்கூடாது. காரணம் ஒன்றே ஒன்றுதான். தாய் வெள்ளைக்காரி.

ராஜா விடவில்லை. மனைவிக்கு பட்டமும், மகனுக்கு வாரிசு உரிமையும் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடிப் பார்த்தார். இந்திய அரசாங்கமும் அசையவில்லை, லண்டனும் அசையவில்லை.

ஆஸ்திரேலியாவில் இருந்தபோது ராஜா குதிரைப் பந்தயத்தில் ஈடுபட்டார். அவருடைய குதிரைகள் அங்கே பந்தயங்களில் ஓடின. போர் முடிந்த பிறகு 1919-ம் ஆண்டு குடும்பத்தோடு லண்டன் போனார். இங்கிலாந்து மன்னர் 5-ம் ஜார்ஜ் மோலியை அரண்மனையில் வரவேற்கத் தயாராக இல்லை. லண்டனிலும் அதே அவமானம்தான்.

அரியணையை விட்டார்

ராஜா ஊரில் இல்லை. சமஸ்தானத்தை யார் பார்ப்பது? ராஜாவின் சகோதரர் ரகுநாத பல்லவராயர் 1909-ம் ஆண்டு முதல் திவானாக இருந்தார். நடைமுறையில் நிர்வாகம் அவர் கையில்தான் இருந்தது.

இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது? புதுக்கோட்டைக்குத் திரும்பி வந்து ராஜாவாக இருக்கலாம். ஆனால் மனைவிக்கு மரியாதை கிடைக்காது, மகனுக்கு உரிமை கிடைக்காது. அல்லது மனைவி, மகனோடு வாழலாம். ஆனால் சிம்மாசனம் கிடையாது. இரண்டில் ஒன்று.

மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் மனைவி, மகன் பக்கம் நின்றார். 1922-ம் ஆண்டு ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். ரகுநாத பல்லவராயர் ரீஜண்ட் ஆகி ஆட்சியைக் கவனித்தார். பெயரளவுக்கு ராஜா என்ற பட்டம் மட்டும் மார்த்தாண்டனிடம் இருந்தது.

தம்பதிகள் பிரான்ஸ் நாட்டில் கடற்கரை நகரமான கான் நகரில் பங்களா வாங்கிக் குடியேறினார்கள். இன்று சினிமா விழாவுக்குப் பெயர் பெற்ற அதே கான் நகரம்தான். விருந்தும் வேடிக்கையுமாக வாழ்க்கை போனது. மோலியின் அழகும் அலங்காரமும் ஐரோப்பா பணக்காரர்கள் மத்தியில் பேசப்பட்டது. பிரபல புகைப்படக்காரர் செசில் பீட்டன் அவரைப் படம் எடுத்தார். புதுக்கோட்டையில் கிடைக்காத ராணி மரியாதை, சம்பந்தமே இல்லாத ஊரில் கிடைத்தது.

உடல்கூட வரவில்லை

1928-ம் ஆண்டு மே 28-ந்தேதி மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் பாரீஸ் நகரில் காலமானார். வயது 52.

உடலை புதுக்கோட்டைக்குக் கொண்டு வந்து ராஜ மரியாதையோடு தகனம் செய்ய ஆங்கிலேய அரசாங்கம் அனுமதி கொடுக்கவில்லை. கடைசியில் லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் சுடுகாட்டில் தகனம் செய்யப்பட்டார்.

பிரகதாம்பாள் கோவில் மணி ஓசை கேட்காத ஊரில், புதுக்கோட்டை ஜனங்கள் ஒருவர்கூட போய்ச் சேர முடியாத தூரத்தில் அவருடைய கதை முடிந்தது. சாதாரணக் கூலித் தொழிலாளி வெளிநாட்டில் இறந்தால்கூட, உடலை ஊருக்குக் கொண்டு வர குடும்பம் எவ்வளவு பாடுபடுகிறது என்று நமக்குத் தெரியும். புதுக்கோட்டை பகுதியில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடு என்று போகாத ஆள் இல்லாத கிராமம் குறைவு. அந்த வேதனை இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. 28 ஆண்டுகள் அதிகாரம் பெற்ற ராஜாவாக இருந்தவருக்கும் அதே வேதனைதான்.

மகன் சிட்னிக்கு அப்போது 11 வயது. அவரை ஆங்கிலேயர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. தொண்டைமான் குடும்பத்தின் இன்னொரு கிளையில் இருந்து 6 வயது சிறுவன் ராஜகோபால தொண்டைமானைத் தேர்ந்தெடுத்தார்கள். 1928-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் ராஜாவாக்கப்பட்டார்.

அந்த ராஜகோபால தொண்டைமான்தான் புதுக்கோட்டையின் கடைசி மன்னர். 1948-ம் ஆண்டு மார்ச் 3-ந்தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அவர் கொடுத்த அரண்மனையில்தான் இன்று கலெக்டர் அலுவலகம் நடக்கிறது. திங்கட்கிழமைதோறும் மனுவோடு ஜனங்கள் ஏறி இறங்கும் படிக்கட்டு ராஜாவீட்டுப் படிக்கட்டு.

மோலி கணவர் இறந்த பிறகு 39 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். 1967-ம் ஆண்டு நவம்பர் மாதம் கான் நகரில் இறந்தார். சாகும்வரை அவர் எந்த அரசாங்கத்தின் கணக்கிலும் ராணி இல்லை. மகன் சிட்னியும் கடைசிவரை சிம்மாசனம் ஏறவில்லை.

தனக்கு வந்தபோது

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு.

புதுக்கோட்டை ராஜா ஒதுங்கி 14 ஆண்டு கழித்து, 1936-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இங்கிலாந்து மன்னர் 8-ம் எட்வர்ட் முடி துறந்தார். மோலியை வரவேற்க மறுத்தாரே 5-ம் ஜார்ஜ், அவருடைய மூத்த மகன்தான் இவர். அமெரிக்காவைச் சேர்ந்த, ஏற்கனவே விவாகரத்து ஆன வாலிஸ் சிம்ப்சன் என்ற பெண்ணைக் காதலித்தார். அந்தப் பெண்ணை ராணியாக ஏற்க முடியாது என்று இங்கிலாந்து அரசாங்கம் சொன்னது. காதலிதான் முக்கியம் என்று அவர் கிரீடத்தைக் கழற்றி வைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு வாலிசுக்கு மேன்மை தங்கிய என்ற அரச குடும்பப் பட்டம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். மோலிக்கு என்ன நடந்ததோ அதே கதைதான். எட்வர்ட் தம்பதிகளும் பிரான்ஸ் நாட்டு தெற்குக் கடற்கரையில் பங்களா எடுத்து வாழ்ந்தார்கள். அதுவும் கான் நகருக்குப் பக்கத்தில்தான்.

எட்வர்ட் கதையை உலகமே பேசியது. புத்தகம் வந்தது, சினிமா வந்தது. அதற்கு முன்பே அந்த வழியில் நடந்த புதுக்கோட்டை ராஜாவை சொந்த ஜில்லாவிலேயே பலருக்குத் தெரியாது.

இன்று காலம் மாறிவிட்டது. 1954-ம் ஆண்டு வந்த சிறப்புத் திருமணச் சட்டப்படி யாரும் மதத்தை விட்டுக் கொடுக்காமல் பதிவுத் திருமணம் செய்யலாம். வெளிநாட்டில் நடக்கும் கல்யாணத்துக்காக 1969-ம் ஆண்டு தனிச் சட்டம் வந்தது. வெளிநாட்டு மனைவியோ, கணவரோ கல்யாணம் ஆகி 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால் இந்தியாவில் காலவரையின்றித் தங்குவதற்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு மனுச் செய்யலாம். சட்டத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது.

மிச்சம் இருப்பது வீட்டுக் கதவு. பாஷை தெரியாத ஊருக்கு, கணவன் ஒருவனை மட்டும் நம்பி வருகிற பெண்ணை அந்த வீடு எப்படிப் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரசாங்கம் கொடுக்காத பட்டத்தை மோலி பொறுத்துக் கொண்டார். அரண்மனைச் சாப்பாட்டில் அரளி கலந்தால் யார்தான் பொறுப்பார்கள்?

மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் காலத்தில் தொடங்கிய மியூசியம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. அவர் துணிந்து ஒரு பெண்ணைச் சேர்த்த மன்னர் கல்லூரியில் இன்று ஏராளமான பெண்கள் படிக்கிறார்கள். அவர் மட்டும்தான் ஊர் திரும்பவில்லை.